ஆஸ்காருக்கும் அரோவானாவுக்கும் கோழிக்கறி போடலாமா?

கேள்வி: வணக்கம் சார். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் இரண்டு ஆஸ்கார் மீனும் ஒரு சில்வர் அரோவானா மீனும் வளர்க்கிறேன். ஆஸ்கார் ஒவ்வொன்றும் 22 செ.மீ., அரோவானா 40 செ.மீ. இருக்கும். காட்பாடியில் மாமா கோழிக்கறிக் கடை வைத்திருக்கிறார். கடையில் மிஞ்சுகிற தோல், ஈரல், கறித் துணுக்கு எல்லாம் கொண்டுவந்து காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி என்று நான்கு மாதமாகப் போடுகிறேன். முதலில் நன்றாக வளர்ந்தன. இப்போது ஒரு ஆஸ்கார் வயிறு உப்பி அடியிலேயே கிடக்கிறது. மலம் வெள்ளை நூல் மாதிரி தொங்குகிறது. தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கிறது. கடையில் விற்கிற உருண்டைத் தீனியான பெல்லட் போட்டால் மூன்றுமே துப்பிவிடுகின்றன. போர் தண்ணீர்தான், பி.எச். 8.2 காட்டுகிறது. மாட்டு இதயம் கொடு என்கிறார் ஒருவர், உயிரோடு கோல்டு ஃபிஷ் போடு என்கிறார் இன்னொருவர். கறியே ஆகாது என்கிறார் மீன் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது? பிராய்லர்தான் காரணமா? நாட்டுக்கோழி என்றால் பரவாயில்லையா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, விளக்கம் பிறகு. முதலில் இன்றைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மீனுக்கும் தீனியை நிறுத்துங்கள். நான்கு நாள் முழுப் பட்டினி. இந்த அளவு மீன்களுக்கு நான்கு நாள் பட்டினி ஒன்றுமே இல்லை. வயிற்றில் கிடப்பது வெளியேற அவகாசம் வேண்டும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இன்றைக்கு மாற்றுங்கள், நாளை மறுநாள் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு. அழுக்காக இருக்கிறதே என்று மொத்தமாகக் கொட்டிக் கழுவிவிடாதீர்கள். ஃபில்டர் பஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். குழாயடியில் வைத்துத் தேய்த்தால் அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். போரிலிருந்து எடுத்த தண்ணீரை முதல் நாள் இரவே டிரம்மில் பிடித்து ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு வையுங்கள். நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். வெயில் காலத்தில் மாடித் தொட்டியில் நின்று கொதித்த தண்ணீரை நேரே விடவும் கூடாது.

வயிறு உப்பிய ஆஸ்காரைத் தனியே எடுத்து, 60 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பில் விடுங்கள். பாதித் தண்ணீர் பழைய தொட்டியிலிருந்து வரட்டும். மருந்துக் கடையில் எப்சம் உப்பு என்று கேட்டால் மக்னீசியம் சல்பேட் கொடுப்பார்கள். 20 லிட்டருக்கு 5 கிராம், அதாவது உங்கள் டப்புக்கு 15 கிராம், தனி டம்ளரில் கரைத்து ஊற்றுங்கள். சமையல் உப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எப்சம் உப்பு குடலை இளக்கும், உடம்பில் தேங்கிய நீரையும் கொஞ்சம் இறக்கும். தினமும் பாதித் தண்ணீர் மாற்றி, மாற்றிய 30 லிட்டருக்கு மட்டும் ஏழரை கிராம் திரும்பச் சேருங்கள். ஏர் பம்ப் நிற்கக் கூடாது. டப்பை மூடி வையுங்கள், ஆஸ்காரும் துள்ளும்.

வெள்ளை நூல் மலத்தைப் பார்த்ததும் ஒட்டுண்ணிக்கான மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். பொறுங்கள். குடலில் ஒன்றும் இல்லாமல் சளி மட்டும் வெளியேறினாலும் வெள்ளையாகத்தான் வரும். குடலில் ஒட்டுண்ணி இருந்தாலும் அப்படித்தான் வரும். பட்டினி முடிந்து ஒழுங்கான தீனி தின்ற பிறகும் வெள்ளையாகவே வந்தாலோ, தலையில் ஊசி குத்தினாற்போலக் குழிகள் தெரிந்தாலோதான் மருந்துப் பேச்சு. அதையும் கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். மீனை மேலிருந்து பாருங்கள். செதில்கள் அன்னாசிப் பழத்தோல் போலத் தூக்கிக்கொண்டு நின்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. அப்படியானால் நாள் கடத்தக் கூடாது. செதில் படிந்திருந்து வயிறு மட்டும் பருத்திருந்தால் தேறுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

இனி, ஏன் இப்படி ஆயிற்று என்று பார்ப்போம்.

கோழிக்கறி விஷம் இல்லை. நீங்கள் போட்டதில் கறி குறைவு, கொழுப்பு அதிகம். அதுதான் சிக்கல். கோழித் தோலில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கிறது. தோல் உரித்த நெஞ்சுக்கறியில் அதே 100 கிராமுக்கு இரண்டு மூன்று கிராம்தான். ஒரு கைப்பிடி என்பது 50 கிராமுக்குக் குறையாது. இரண்டு வேளைக்கு 100 கிராம், அதில் பாதி தோல் என்று வைத்தாலும் தோலிலிருந்து மட்டும் நாளைக்கு 15 கிராம் கொழுப்பு உள்ளே போயிருக்கிறது. உங்கள் மூன்று மீனையும் சேர்த்து நிறுத்தால் சுமார் ஒரு கிலோ வரும். அவற்றுக்கு நாளைக்கு 10 கிராம் பெல்லட் போதும். அந்த 10 கிராமில் கொழுப்பு ஒரு கிராமைத் தாண்டாது. தேவையைப் போலப் பதினைந்து மடங்கு, அதுவும் நான்கு மாதம்.

இதில் இன்னொன்றும் உண்டு. மீனுக்குச் சொந்தச் சூடு கிடையாது. தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்றால் அதன் வயிறும் 28 டிகிரிதான். நம் உடம்பு 37 டிகிரி. ஆட்டுக் கொழுப்பு உருக 44 டிகிரிக்கு மேல் வேண்டும், மாட்டுக் கொழுப்பும் ஏறக்குறைய அப்படியே. மார்கழிக் காலையில் நெய் டப்பாவுக்குள் கரண்டி இறங்காமல் நிற்கும் இல்லையா, அந்த நிலையில்தான் ஆட்டுக் கொழுப்பு மீனின் குடலுக்குள் கிடக்கிறது. கோழிக் கொழுப்பு இதைவிட இளக்கமானது, அதனால் ஓரளவு செரிக்கும். செரித்ததும் எங்கே போகிறது? குடலைச் சுற்றியும் ஈரலிலும் போய்ப் படிகிறது. ஆற்றில் புழு, பூச்சி, இறால், சின்ன மீன் என்று தின்று வளர்ந்த இனம் இது. அந்த இரைகளின் கொழுப்பு குளிர்ந்த தண்ணீரிலும் உறையாத எண்ணெய். மீனின் உடம்பு கேட்பதும் அந்த எண்ணெயைத்தான். ஒமேகா-3 என்று மாத்திரை டப்பாவில் எழுதியிருக்கிறதே, அது மீனுக்கும் வேண்டும். கோழித் தோலில் அது மிகக் குறைவு.

இறந்த ஆஸ்காரை அறுத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். நல்ல ஈரல் செம்பழுப்பாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். கொழுப்பு ஏறிய ஈரல் வெளிர் மஞ்சளாக உப்பி, விளிம்பு மழுங்கி, விரல் பட்டாலே பிய்ந்து வரும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். குடலைச் சுற்றி வெண்ணெய் அப்பினாற்போலக் கொழுப்பு கட்டியிருக்கும். இந்த மீன்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகக் கொழுத்துத்தான் தெரியும். “முதலில் நன்றாக வளர்ந்தன” என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எவ்வளவு வளர்ச்சி, எவ்வளவு கொழுப்பு என்று வெளியே நின்று சொல்ல முடியாது.

ஈரல் தனிக் கதை. அதில் வைட்டமின் ஏ மிக அதிகம். எப்போதாவது ஒரு துண்டு என்றால் நல்லது. தினமும் என்றால் உடம்பில் தேங்கிக் கெடுக்கும், ஏனென்றால் அது தண்ணீரில் கரைந்து வெளியேறுகிற வைட்டமின் கிடையாது. போதாததற்கு ஈரல் தண்ணீரில் பட்டதும் ரத்தமாகக் கசியும். ஆஸ்கார் அதை மெல்லும்போது இரண்டு செவுளிலிருந்தும் செம்புகை போலத் தூள் வெளியேறுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூளை எந்தக் குழாயாலும் உறிஞ்சி எடுக்க முடியாது. எல்லாம் ஃபில்டருக்குள் போய் அழுகும்.

அங்கேதான் நம் ஊர்த் தண்ணீர் வருகிறது. வேலூர்ப் பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர், காரத் தன்மையும் உண்டு. உங்கள் 8.2 அதைத்தான் சொல்கிறது. தொட்டியின் கணக்கு 255 லிட்டர். கல், மேல் இடைவெளி எல்லாம் போக 220 லிட்டர் தண்ணீர் இருக்கும். 10 கிராம் கோழிக்கறி மட்டும் மூலையில் தங்கி முழுக்க அழுகினால், அதிலிருக்கும் 2 கிராம் சொச்சம் புரதத்திலிருந்து சுமார் 350 மில்லிகிராம் நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிவரும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம். தண்ணீர் பி.எச். 7 ஆக இருந்தால் இதில் நூற்றுக்கு ஒரு பங்கு கூட நச்சு வடிவில் இருக்காது. 8.2-இல், 30 டிகிரிச் சூட்டில், நூற்றுக்குப் பதினொரு பங்கு நச்சு வடிவில் நிற்கும். மீனின் செவுளைப் புண்ணாக்க அது தாராளம். பி.எச். குறைந்த மென்மையான தண்ணீரில் வளர்க்கும் ஒருவர் தினமும் கறி போட்டும் தப்பித்துக்கொள்கிறார், வேலூரில் அதையே செய்தால் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது என்றால் காரணம் இதுதான். பி.எச்.சைக் குறைக்கிறேன் என்று எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்ற வேண்டாம். கடினத் தண்ணீர் சில மணி நேரத்தில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அந்த ஏற்ற இறக்கம்தான் மீனைக் கொல்லும். 8.2 நிலையாக இருந்தால் ஆஸ்கார் பழகிக்கொள்ளும். கறியைக் குறைப்பதே வழி.

எண்ணெய்ப் படலமும் சும்மா அழுக்கு என்று விடக்கூடியது அல்ல. காற்றிலிருந்து ஆக்ஸிஜன் இறங்குகிற வழியை அது அடைக்கிறது. ஏர் ஸ்டோன் குமிழி மேலே வந்ததும் உடையாமல் சோப்பு நுரைபோல ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் தண்ணீரில் புரதமும் கொழுப்பும் தேங்கிவிட்டன என்று பொருள். கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்குப் போகும்போது அது பிடித்து வைக்கும் ஆக்ஸிஜனே லிட்டருக்கு 7.3 மில்லிகிராம்தான். அதன்மேல் எண்ணெயும் படிந்தால் நடு இரவில் ஆபத்து. இன்றைக்கு ஒரு வெள்ளைத் தாளை அல்லது டிஷ்யூவைத் தண்ணீர் மேல் படியவைத்து மெல்ல இழுத்தெடுங்கள், எண்ணெய் அதில் ஒட்டிக்கொண்டு வரும். பிறகு ஃபில்டரின் வாயைச் சற்று உயர்த்தி, தண்ணீர் பரப்பு எப்போதும் அசையும்படி வையுங்கள்.

இனி உங்கள் கேள்விகள். பிராய்லரா, நாட்டுக்கோழியா என்றால் மீனுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்டுக்கோழியில் கொழுப்பு குறைவு, ஆனால் நார் முரடு. இரண்டிலும் தோல் தோல்தான். கடைக்காரர் சொல்வதுபோலக் கோழியை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. தோல் இல்லாத நெஞ்சுக்கறி, பத்து நாளைக்கு ஒருமுறை, ஒரு மீனுக்கு 5 கிராம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். கறியை ஒட்டிய வெள்ளைக் கொழுப்பையும் சவ்வையும் கத்தியால் சீவி எடுங்கள். உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் வேகவைத்து, ஆறியதும் நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். நார் போகிற போக்கில் வெட்டினால் நீளநீள இழையாகப் பிரிந்து, ஆஸ்கார் மெல்லும்போது செவுளில் சிக்கித் தொங்கும். குறுக்கே வெட்டிய துண்டு தானாக உதிரும். துண்டு மீனின் கண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். எலும்போடு வேகவைத்த கறி கூடாது, வெந்த எலும்பு கூராகச் சிம்பு சிம்பாக உடையும்.

பச்சையாகக் கொடுத்தால் மீன் தின்னாதா? தின்னும். பச்சைக் கோழிக்கறியில் இருக்கும் சால்மொனெல்லா கிருமியால் மீனைவிட உங்களுக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கும்தான் ஆபத்து. ஃப்ரீசரில் வைத்தாலும் அது சாகாது. தொட்டித் தண்ணீரில் போய்ச் சேர்ந்தால், மறுநாள் தண்ணீர் மாற்றுகிறவர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சும்போது நேரே வயிற்றுக்குப் போகும். நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் குழாயைத் தொடங்குகிறார்கள். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கட்டை விரலால் அடைத்து இறக்கினால் தண்ணீர் தானாக இறங்கும். மீன் தீனி வெட்டுகிற பலகையும் கத்தியும் சமையல்கட்டுப் பலகையோடு சேரக் கூடாது.

மாட்டு இதயத்தைச் சொன்னவர் தெரியாமல் சொல்லவில்லை. டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர்கள் உலகம் முழுக்க நெடுங்காலமாகக் குஞ்சுகளுக்கு இதயக்கறி அரைத்துக் கொடுத்து வருகிறார்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் எளிதாகக் கிடைக்கும். இதயத் தசையில் கொழுப்பு குறைவு, 100 கிராமுக்கு நாலு கிராம்போல. ஆனால் மேலே தொப்பிபோல மூடியிருக்கும் கொழுப்பு, உள்ளே இருக்கும் குழாய், வால்வு, நரம்பு எல்லாவற்றையும் நீக்கிய பிறகுதான் அந்தக் கணக்கு. முழு இதயத்தில் நீக்க வேண்டியது நிறைய. வேகமாக வளர வேண்டிய குஞ்சுக்கு அது பொருந்தும், நாளுக்கு இரண்டு தரம் தண்ணீர் மாற்றுகிறவருக்கும் பொருந்தும். வளர்ந்த ஆஸ்காருக்கு அதற்கான தேவை இல்லை. ஆட்டுக்கறி வேண்டவே வேண்டாம். சாசேஜ், நகெட் போன்றவற்றில் உப்பும் பதப்படுத்தும் பொருளும் இருப்பதால் ஒரு துண்டு கூடப் போடாதீர்கள். கருவாடும் அப்படியே.

உயிருள்ள கோல்டு ஃபிஷ் யோசனைதான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காதது. கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன் அது. அந்த இனத்தில் பலவற்றின் பச்சைச் சதையில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. வைட்டமின் பி1-ஐ அது சிதைத்துவிடும். மாதக்கணக்கில் அதையே தின்ற மீன் ஒருநாள் தலை சுற்றினாற்போலச் சுழன்று நீந்தும், ஏன் என்று யாருக்கும் புரியாது. அதோடு, தீனிக்கென்று விற்கிற கோல்டு ஃபிஷ் ஒரு சின்னத் தொட்டியில் நூற்றுக்கணக்கில் நெருங்கிக் கிடந்தவை. வெண்புள்ளி நோயும் செவுள் புழுவும் அவற்றோடு இலவசமாக வரும். உயிருள்ள இரைதான் வேண்டும் என்றால் வீட்டு மொட்டை மாடியில் ஒரு டப்பில் கப்பி மீன் வளர்த்து, அதில் கொடுங்கள்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? அன்றாடத் தீனி பெல்லட்டாகத்தான் இருக்க வேண்டும். ஊன் உண்ணும் மீனுக்கென்று செய்தது, புரதம் 40 முதல் 45 விழுக்காடு. பெரிய மூட்டை மலிவு என்று வாங்காதீர்கள். பிரித்த மூட்டையில் வைட்டமின் சி நாளாக நாளாகக் குறைந்துகொண்டே போகும். மூன்று மாதத்தில் தீரும் அளவு வாங்கி, இறுக்கி மூடி நிழலில் வையுங்கள்.

மாமா கடைக்குப் பதில், வாரம் ஒருமுறை மீன் மார்க்கெட்டுக்குப் போங்கள். ஏரி மீனில் ஜிலேபி எப்போதும் மலிவாகக் கிடைக்கும். தயாமினேஸ் தொல்லை அதில் இல்லை, கொழுப்பும் குறைவு. கடல் இறாலில் பொடிசாகப் பார்த்து, ஓட்டோடு வாங்குங்கள். ஓடு குடலைச் சுத்தம் செய்கிற நார்போல வேலை செய்யும். ஆஸ்காரின் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வேண்டிய நிறச்சத்தும் அந்த ஓட்டில்தான் இருக்கிறது. நெத்திலி இனத்தில் சிலவற்றிலும் தயாமினேஸ் உண்டு, அதனால் அதை வழக்கமாக்க வேண்டாம். மத்தி மீனில் எண்ணெய் அதிகம். வீட்டு ஃப்ரீசரில் ஒரு மாதம் கிடந்தாலே சிக்குவாடை வந்துவிடும். அது மீனின் ஈரலைக் கோழித் தோலைவிட மோசமாகக் கெடுக்கும்.

மண்புழு அருமையான தீனி. எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த பாலாற்றங்கரை நிலங்களில் தோண்ட வேண்டாம். மண்ணில் இருக்கும் குரோமியத்தைப் புழு தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும். பூச்சிமருந்து அடிக்காத மாட்டுத் தொழுவத்து எருக்குழிப் பக்கம் எடுங்கள். ஈரத் துணியில் ஒருநாள் வைத்திருந்தால் வயிற்றிலுள்ள மண் வெளியேறிவிடும். மண்புழு உரம் போடுகிறவர்களிடம் வாங்கும் சிவப்புப் புழுவில் ஒருவகை கசப்பு நீரைச் சுரக்கும். ஆஸ்கார் துப்பினால் அதற்குக் காரணம் அதுதான்.

வீட்டிலேயே ஒரு தீனிக் கட்டி செய்துகொள்ளலாம், மூன்று மீனுக்கும் பொருந்தும். முள் நீக்கிய ஜிலேபிச் சதை 300 கிராம், ஓட்டோடு இறால் 150 கிராம், தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 50 கிராம். உங்கள் மாமா கடைக் கறிக்கு இதில் இடம் உண்டு. மூன்றையும் ஆவியில் ஐந்தாறு நிமிடம் வேகவைத்து, ஆறியதும் மிக்ஸியில் அரைக்க வேண்டும். முழுக் கூழாக வேண்டாம், கொஞ்சம் கொரகொரப்பாக இருக்கட்டும். வேக வைப்பதில் கிருமியும் சாகும், தயாமினேஸ் இருந்தால் அதுவும் போகும். பொடித்த பெல்லட் 100 கிராம், துருவி வேகவைத்த கேரட் இரண்டு ஸ்பூன் சேருங்கள். பெல்லட் பொடிதான் வைட்டமின்களுக்கு வழி, அதை விட்டுவிடாதீர்கள். 

கட்டியாக்க, ரம்ஜான் காலத்தில் வீடுகளில் காய்ச்சுவார்களே, அந்தக் கடற்பாசி 8 கிராம் எடுத்து 250 மில்லி தண்ணீரில் நன்றாகக் கொதித்துக் கரையும்வரை காய்ச்சுங்கள். ஜெலட்டின் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நம் ஊர் வெயிலில் 30 டிகிரி தாண்டிய தண்ணீரில் ஜெலட்டின் இளகி, கட்டி கரைந்துபோகும். கடற்பாசி ஒருமுறை இறுகினால் 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். காய்ச்சியதை இறக்கி, விரல் பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே இருக்கும்போதே, 50 டிகிரிவாக்கில், அரைத்ததில் ஊற்றிக் கிளறுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பெல்லட்டிலுள்ள வைட்டமின் வீணாகும். தாமதித்தால் 40 டிகிரிக்குக் கீழே கடற்பாசி பாத்திரத்திலேயே இறுகித் திரிதிரியாகும். அரைத்த கறியும் ஃப்ரிட்ஜ் குளிரில் இருக்கக் கூடாது, அதுவும் திரிதிரியாக்கும். கலந்ததை ஜிப் கவரில் அரை செ.மீ. தடிமனாகப் பரப்பி, கத்தியின் முதுகால் சதுரக் கோடு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது ஒரு சதுரம் உடையும். நீண்ட நேரம் கரண்ட் போய் உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்காமல் எறிந்துவிடுங்கள். இந்த அளவு ஒரு மாதத்துக்கு மேல் வரும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள்.

வாரத்தில் நான்கு நாள் பெல்லட், இரண்டு நாள் இந்தக் கட்டி அல்லது இறால், ஒருநாள் பட்டினி. ஆஸ்கார் ஒன்றுக்கு நாளைக்கு 3 கிராம் பெல்லட், கட்டி என்றால் 8 முதல் 10 கிராம். ஒருமுறை சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள், 3 கிராம் எவ்வளவு கொஞ்சம் என்று வியப்பாக இருக்கும். கண்ணாடியருகே வந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்கும். ஆஸ்கார் எப்போதும் கேட்கும், அதன் பார்வைக்கு இரங்கினால்தான் வம்பு. போட்டு ஐந்து நிமிடத்தில் மிஞ்சியதைக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம் தவறக் கூடாது.

பெல்லட்டைத் துப்புகின்றன என்று எழுதியிருந்தீர்கள். கோழித் தோலின் ருசிக்குப் பழகிய வாய், துப்பத்தான் செய்யும். நான்கு நாள் பட்டினி முடிந்து ஐந்தாம் நாள் காலை, ஆளுக்கு இரண்டு பெல்லட் மட்டும் போடுங்கள். தின்னாவிட்டால் எடுத்துவிட்டு அன்றைக்கு வேறெதுவும் தராதீர்கள். ஆறாம் நாள் இறாலின் வயிற்றைக் கீறி உள்ளே ஒரு பெல்லட்டைச் செருகிக் கொடுங்கள். அடுத்தடுத்த நாளில் இறால் துண்டைச் சிறிதாக்கி, பெல்லட்டை அதிகமாக்குங்கள். பத்து நாளுக்குள் ஆஸ்கார் வழிக்கு வந்துவிடும். இந்த நாட்களில் வீட்டில் யாராவது பாவம் பார்த்து ஒரு துண்டு கறி போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அரோவானா பிடிவாதக்காரன். மேல்மட்டத்தில் மிதப்பதை மட்டும் எடுக்கும் வாய் அமைப்பு அதற்கு. மூழ்குகிற கறியைத் துரத்தித் தின்ன வைத்ததே அதன் இயல்புக்கு மாறானது. காட்டில் அது தண்ணீரைவிட்டு எம்பி, கிளையில் இருக்கும் பூச்சியைப் பிடிக்கிற மீன். மருந்து அடிக்காத வயலிலிருந்து வெட்டுக்கிளி பிடித்து, முள்ளுள்ள பின்கால்களைக் கிள்ளிவிட்டு, வயிற்றில் மிதக்கும் பெல்லட் ஒன்றைச் செருகி மிதக்க விடுங்கள். வீட்டுக் கரப்பானைப் போடாதீர்கள், அது எந்த ஸ்ப்ரேயில் நனைந்து வந்ததோ தெரியாது. அரோவானாவுக்கு இரண்டு வாரம் பிடிக்கலாம், அதுவரை பட்டினி தாங்கும்.

இதோடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில்வர் அரோவானா மூன்றடி வரை வளரும். ஒன்றரை அடி அகலத் தொட்டியில் அது திரும்பவே முடியாத நாள் தொலைவில் இல்லை. தீனியைச் சரிசெய்தாலும் அந்தக் கஷ்டம் தீராது. இப்போதே பெரிய தொட்டி உள்ளவரையோ, சென்னை கொளத்தூர்ச் சந்தையில் திரும்ப எடுத்துக்கொள்கிற கடையையோ விசாரித்து வையுங்கள். எக்காரணம் கொண்டும் ஏரியிலோ மோர்தானா அணையிலோ கொண்டுபோய் விடாதீர்கள்.

எட்டாம் நாளில் டப்பிலிருக்கும் ஆஸ்காரைப் பாருங்கள். வயிறு இறங்கி, நடுத்தண்ணீரில் நின்று, மலம் தின்ற தீனியின் நிறத்தில் துண்டு துண்டாக விழுந்தால் பழைய தொட்டிக்கே மாற்றிவிடலாம். இறங்கவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மேலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு படம், சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் தொட்டித் தண்ணீர், விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த மலம் சிறிது தொட்டித் தண்ணீரோடு ஒரு சின்னக் குப்பியில், இவற்றைக் கொண்டுபோங்கள். நான்கு மாதம் என்ன தீனி போட்டீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.